அதுவும் மாதான்

ஜூன் 3, செவ்வாய்
கச்சான் காற்று. வாயெல்லாம் மண். உடம்பு ஏத்துற மா வாங்கியாச்சு, வனிலா வாசம். கோயில் திருநாளுக்கு முன் தோளில் கொஞ்சமாவது சதை வைக்கவேணும். போன வருசம் புனிதரின் சொரூபம் தூக்கப் போன என்னை மரியான் அண்ணை மறித்துவிட்டார். "தம்பி, நீ மெழுகுதிரியைப் பிடி. காத்தடிச்சா நீயும் பறந்திடுவாய்." எல்லாருக்கும் சிரிப்பு. அப்பாவுக்கும். கால் ஏலாமல் போகும்வரை சொரூபம் தூக்கின மனிசன்.

பையோடு வைத்தால் கட்டின மனிசி ஜெனியே நக்கலடிப்பாள். வெறும் பால்மா டின் ஒன்றில் கொட்டிக் குசினித் தட்டில் தேயிலை டின்னுக்குப் பக்கத்தில் வைத்தேன். கொஞ்ச நேரத்தால் அவளுடைய சத்தம்: "இஞ்சேருங்கோ, இந்த டின்னில மாவோ?"

"ஓம், மாதான்."

பொய் இல்லைத்தானே.

ஜூன் 9, திங்கள்
காலையும் பின்னேரமும் ஜெனி காணாமல் குடிக்கிறேன். வயிறு ஊதல், ஏப்பம். கந்தோரில் பக்கத்து மேசைக்காரருக்கு முன்னால் மானம் போகுது. தோள் அப்படியே.

அப்பா நல்ல குஷி. "பிள்ளை இப்பத்தான் தேத்தண்ணி போடப் பழகியிருக்கு" என்று ஜெனியைப் புகழுறார். எங்கள் இரண்டு பேருக்கும் வெறுந்தேத்தண்ணி. பால்தேத்தண்ணி அப்பாவுக்கு மட்டும், சீனி வருத்தம் என்றபடியால் சீனி இல்லாமல்.

வாங்க: முட்டை, சவரப் பிளேட், அப்பாவுக்கு விரல் புண்ணில் உரசாத செருப்பு.

ஜூன் 20, வெள்ளி
அப்பாவோடு கிளினிக், ஜெனியும் வந்தாள். சரியான வெயில். சீனி எக்கச்சக்கமாய் ஏறியிருக்கு. பெருவிரல் புண் கறுத்துவிட்டது. டொக்டர் கேட்டார், "வீட்டில ஆர் களவா இனிப்புக் குடுக்கிறது?"

நான் ஜெனியைப் பார்த்தேன். ஆட்டோவில் வைத்தே தொடங்கிவிட்டேன். "என்ர அப்பாவைக் கொல்லப்போறியோ" என்றுகூடச் சொன்னேன். அவள் அப்பாவின் காலில் வெயில் படாமல் மருந்துப் பையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்பா கடலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

ஜூன் 21, சனி
டின்னைத் திறந்தால் அடி தெரியுது. இவ்வளவு நான் குடிக்கவில்லையே. யோசித்துக்கொண்டு நிற்க, ஜெனி அப்பாவின் கோப்பையோடு வந்தாள். ஆட்டோவுக்குப் பிறகு அவள் கதைத்த முதல் கதை: "மா முடியப்போகுது. வரேக்க ஒண்டு வாங்கியாங்கோ."

அப்பாவின் பால்தேத்தண்ணிக்கு இவ்வளவு நாளும் போட்டது இந்த மாவைத்தான்.

ஒளித்து வைத்த பையை எடுத்து வாசித்தேன். சேர்த்த சாமான்களில் முதலாவதாய் எழுதியிருந்ததே ஒரு சீனி வகை. அவளிடம் நீட்டினேன். பையைப் பார்த்தாள், டின்னைப் பார்த்தாள்.

"நான் கேட்டனான்தானே."

அவ்வளவுதான். நாலு ஏச்சு ஏசியிருந்தால் நிம்மதியாய் இருந்திருக்கும்.

அப்பாவிடமும் சொன்னேன். "இனிச்சது எனக்குத் தெரியுமடா. பிள்ளை பாவம் பாத்துக் கொஞ்சம் சீனி போடுதெண்டு நினைச்சன். சொன்னா நிப்பாட்டிப் போடுவியளெண்டு பேசாமல் இருந்தனான்." பிறகு, "ஆட்டோவில எண்டாலும் நான் வாயைத் திறந்திருக்கவேணும்."

ஜூன் 26, வியாழன்
விரலை எடுத்துவிட்டார்கள். புண் முதலே இருந்தது, மா மட்டும் காரணம் இல்லை என்றார் டொக்டர். ஆறுதலுக்குச் சொன்னாரோ தெரியாது. ஆஸ்பத்திரிச் சாப்பாடு அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. ஜெனி கஞ்சி கொண்டுபோகிறாள். என்னோடு தேவைக்கு மட்டும் கதை. மன்னிப்புக் கேட்க வாய் எடுத்தால், "பாத்திரத்தைத் தாங்கோ, கழுவவேணும்" என்கிறாள்.

ஜூலை 6, ஞாயிறு
திருநாள். காற்று இல்லை. சொரூபம் தூக்க ஒரு ஆள் குறையுதாம், மரியான் அண்ணை என்னை வரச்சொல்லி அனுப்பினார். போகவில்லை. அப்பா காலை ஊன்றக்கூடாது, ஜெனியால் அவரைத் தூக்க ஏலாது.

பின்னேரம் வெடிச் சத்தம். சொரூபத்தோடு சுற்றுப்பிரகாரம் எங்கள் ஒழுங்கைக்குள் வருகுது. பார்க்கவேணும் என்றார் அப்பா. கட்டிலில் இருந்து அள்ளித் தூக்கினேன். என் கழுத்தைக் கட்டிக்கொண்டார். வாசல் கதிரையில் இருத்தின பிறகு என் தோளை ஒருக்கால் அமத்திப் பார்த்தார்.

"மா வேலை செய்திருக்கடா."

பக்கத்தில் இருந்த ஜெனி எழும்பிக் குசினிக்குள் போய்விட்டாள்.