தெரிந்தே ஏற்றவர்

ஜூலை 8
வக்கீல் தொழில் நெறித் தாள் இன்னும் நாற்பது பாக்கி. பாதிப் பேர் என் குறிப்பையே எனக்குத் திருப்பி எழுதியிருக்கிறார்கள். திருத்தத் திருத்தக் கொட்டாவிதான் வருகிறது.

ஜூலை 11
மதியம் துறை அறைக்கு ஒரு பெண் வந்தாள். சலவை ஆலையில் வேலை செய்த அவள் கணவனுக்கு உருளை இயந்திரத்தில் நான்கு விரல்கள் போய்விட்டன. கை உள்ளே போகாமலிருக்கப் போட்ட கம்பித் தடுப்பு அன்று இல்லை. இழப்பீட்டு வழக்கு தள்ளுபடி. தீர்ப்பு நகலை விரித்து, கோடு போட்ட இடத்தைக் காட்டினாள்.

"இது நீங்க எழுதினதுதானே மேடம்?"

ஆமாம். 'அபாயம் தெரிந்தே வேலையை ஏற்றவர், அபாயத்தையும் ஏற்றவரே.' இருபத்தொன்பது வயதில், பதவி உயர்வுக்காக எழுதிய கட்டுரை. அதுவரை ஓர் ஆலைக்குள்ளும் கால் வைத்தவளில்லை நான்.

"ஆபத்து அவருக்குத் தெரியும்தான். வேலைய விட்டா என்ன ஆகும்னும் தெரியுமே. அத ஏன் எழுதல?"

தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். சே.

ஜூலை 12
எதுவும் ஓடவில்லை.

ஜூலை 19
அந்தக் கருத்து தவறு என்று எழுதப் போகிறேன் என்றதும் வீட்டில் இவர் சிரித்தார். "முப்பது வருஷம் கழிச்சு உன் மேலயே கேஸ் போடறியா?"

சிக்கல் அதுவல்ல. மேல்முறையீடு நடக்கிறது. அவள் என்னைப் பார்க்க வந்ததைக் கட்டுரையில் சொன்னால், ஒருதலைப்பட்சம் என்று ஒதுக்கிவிடுவார்கள். மறைத்தால் — இத்தனை வருஷமாக வகுப்பில் என்னத்தைக் கிழித்தேன்?

ஆகஸ்ட் 3
அனுப்பிவிட்டேன். முதல் பத்தியிலேயே அவள் வந்ததைச் சொல்லியிருக்கிறேன்.

செப்டம்பர் 22
கட்டுரை வெளியானதும் ஆலைத் தரப்பு வக்கீல் போன் செய்தான். என் பழைய மாணவன்.

"மேடம், நீங்க சொல்லிக் குடுத்ததத்தானே நான் கோர்ட்ல சொன்னேன்?"

"ஆமாப்பா. நான் தப்பா சொல்லிக் குடுத்துட்டேன்."

அவனே தொடர்ந்தான். "அந்த முதல் பத்தி எனக்குத்தான் சாதகம். தெரியுமில்ல?"

தெரியும் என்றேன். கோபமில்லாமல் வைத்தான். கோபப்பட்டிருக்கலாம்.

டிசம்பர் 5
மேல்முறையீட்டில் அவள் கணவன் பக்கம் தீர்ப்பு. தடுப்பைக் கழற்றச் சொன்னது மேலாளர்தான் என்று ஆலை மெக்கானிக் கொடுத்திருந்த சாட்சியம் போதுமாக இருந்திருக்கிறது. என் இரண்டு கட்டுரைகளுக்கும் சேர்த்து ஒரே வரி: முதலாவதை எழுதியவரே கைவிட்டார், இரண்டாவது ஒரு தரப்பைச் சந்தித்தபின் எழுதப்பட்டது, ஆகவே இரண்டும் ஏற்கப்படவில்லை.

நிம்மதிதான். உள்ளே கொஞ்சம் சுருக்கென்றும் இருந்தது. பொய் சொல்வானேன்.

சாயங்காலம் அவள் போன் செய்தாள். அவர் எப்படி இருக்கிறார் என்றேன். "இடது கையால எழுதிப் பழகறாரு மேடம். கோழி கிளறின மாதிரி இருக்கு" என்று சிரித்தாள். பின்னாலிருந்து அவர் ஏதோ மறுத்துச் சொன்னது கேட்டது.

ஜனவரி 17
இன்று அந்தத் தீர்ப்பை வகுப்பில் நடத்தினேன். பழைய கட்டுரையின் வரியைப் பலகையில் எழுதி, அது எங்கே தவறுகிறது என்று விளக்கினேன். முன்வரிசைப் பெண் கை தூக்கினாள்.

"இத யார் மேடம் எழுதினது?"

"நான்தான்."

எல்லோரும் குனிந்து அதையும் குறித்துக்கொண்டார்கள்.