பூட்டின் இன்னொரு சாவி

நல்லம்பள்ளி,
சனிக்கிழமை.

அன்புள்ள அண்ணன் மாதவராஜுக்குத் தம்பி அருண்குமார் எழுதுவது.

நலம் என்று எழுதக் கை வரவில்லை. கடன்காரர்கள் கூப்பிடுகிறார்கள் என்று நீ போனை அணைத்துவிட்டாய். எங்களுக்கும் நீ கிடைப்பதில்லை. அதனால்தான் பெங்களூர் திரும்பும் குமாரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. மாடு வாங்கு, ஊரிலேயே பிழை என்று கொடுத்த குழுக்கடன், கட்ட முடியாத நாலு குடும்பத்தை ஊரைவிட்டே கிளப்பிவிட்டது. ஐந்து பேர் குழுவில் மிச்சம் அண்ணி மட்டும். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். இப்போது எல்லார் தவணைக்கும் நம் வாசலில்தான் வந்து நிற்கிறார்கள்.

அதற்காகச் செவ்வாய்தோறும் நாங்கள் செய்வது உனக்குத் தெரியாது. "தம்பி, வெளியே பூட்டிட்டு நீங்க கடைக்குப் போயிருங்க" என்பார் அண்ணி. குழந்தை பிரியாவோடு சத்தமில்லாமல் உள்ளே இருப்பார். நான் பூட்டிவிட்டு மோட்டார் ரிப்பேர் கடைக்குப் போய்விடுவேன். வசூல்காரர், "இவங்களும் கெளம்பிட்டாங்களாக்கா?" என்று எதிர்வீட்டுத் தங்கம்மாளைக் கேட்பாராம். "வூடு பூட்டிக் கெடக்குது, பூட்டையே கேளுங்க" என்பாராம் அவர்.

போன செவ்வாய் அந்த ஆள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். உள்ளே சுவிட்ச் பெட்டி புகைந்திருக்கிறது. ஒயரை மாற்று என்று எத்தனை தடவை சொன்னேன் உனக்கு! அண்ணி மெயினை அணைத்துவிட்டார். புகை எங்கே போகும்? பின்கதவு இல்லாத வீடு. ஜன்னலைத் திறந்தால் குட்டு வெளிப்படும். பிரியா இருமிவிடக் கூடாதென்று முந்தானையால் வாயைப் பொத்திப் பிடித்திருக்கிறார். வசூல்காரர் போன பிறகுதான் எனக்குப் போன் வந்தது. சாவி என் சட்டைப் பையில் இருந்தது, அண்ணா. நான் திறந்தபோது குழந்தையின் உதடு நீலம் பூத்திருந்தது.

ஆஸ்பத்திரியில் பயமில்லை என்றார்கள். எனக்குத்தான் பயம் போகவில்லை. இப்போதெல்லாம் பைக் சத்தம் கேட்டாலே பிரியா தானாகக் கட்டிலுக்கடியில் போய், தன் வாயைத் தானே பொத்திக்கொள்கிறாள்.

அடுத்த வாரம் நான் ஓசூர் கம்பெனியில் சேர வேண்டும். போகாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடுவான். "தங்கம்மாக்கா பூட்டிக்குவாங்க, நீங்க போங்க" என்கிறார் அண்ணி. தங்கம்மாள் நூறு நாள் வேலைக்குப் போகிறவர். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஏரிக்கரையில் நிற்பார்.

பூட்டோடு வந்த இன்னொரு சாவியை இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். அவர்களைக் கூட்டிப்போவாயோ, வசூல்காரர் முன்னால் நின்று பேசுவாயோ, அது உன் பாடு. செவ்வாய்க்கு முன்னால் வா, தப்பினால் அன்றைக்காவது வா.

கட்டடச் சாரத்தில் ஏறுகிறவன், உடம்பைப் பார்த்துக்கொள். வந்ததும் கதவைத் தட்டாதே. பிரியா, பிரியா என்று கூப்பிட்டுக்கொண்டே திற.

உன் தம்பி,
அருண்குமார்