பாகு பார்க்கும் விரல்

ஆவணி 3
காலையிலேயே சாரல். கல்யாணப் பலகாரத்துக்கு வறுத்த பயறு நமுத்துவிடும்.

பேரன் மணியின் கல்யாணத்துக்கு வருகிறவர்களிடம் விடாமல் சொல்ல வேண்டியவை: மணி துபாயில் இன்ஜினியர், தனி அறை, ஏ.சி. பேத்தி உமா பெங்களூரில் நரம்பு ஆராய்ச்சி. டாக்டர் பட்டம் வரும், ஊசி போட மாட்டாள். இளையவன் குமார் பேச்சுப் போட்டியில் இரண்டாம் பரிசு. எத்தனை பேர் பேசினார்கள் என்று கேட்டால் பேச்சை மாற்ற வேண்டும். (இரண்டு பேர்.)

முந்திரிக்கொத்துப் பயற்று உருண்டைக்குப் பாகு வைப்பது ஒன்பதாம் தேதி. இந்தக் குடும்பத்தில் நாற்பது வருடமாகப் பதம் பார்ப்பது என் ஆள்காட்டி விரல். வைகாசியில் பலாச்சக்கை வெட்டும்போது அரிவாள் அந்த விரலின் நடுக்கணுவில் இறங்கி நரம்பு அறுந்தது. டாக்டர் தைத்தார். நுனியில் இன்னும் உணர்ச்சி இல்லை.

ஆவணி 4
மழை இல்லை. விரலைப் பரீட்சை பார்க்கக் கொஞ்சம் வெல்லம் காய்ச்சினேன். பதம் என்று இறக்கினால், முற்றிப்போயிருந்தது. குமார் உருண்டையை அம்மிக்குழவியால் உடைத்தான்.

ஓரகத்தி செல்லம்: "எக்கா, கல்யாணத்துக்கு வாறவியளுக்கு பல்லாசுபத்திரி எங்கன்னு சொல்லி வைக்கணும்." பிறகு மெதுவாக, "பாகை நான் பாத்துக்கிடுதேனே."

இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் அதற்குத்தான் காத்திருக்கிறாள்.

ஆவணி 5
மேகமூட்டம். உமா போன்.

"ஆச்சி, வெட்டுக்கு அங்கிட்டு உள்ள நரம்பு இழைதான் செத்துச்சு. அதைச் சுத்தி உறையா இருந்த ஷ்வான் செல் சாகல்ல. அது செத்ததைக் கூட்டி வாரிட்டு, வரிசையா நின்னு புது இழைக்கு வழி காட்டும். இழை ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் போல வளரும். பொறவு அதுக்கு உறை சுத்திக் குடுக்கும். சாப்பாடும் குடுக்கும்."

எனக்கு விளங்கிவிட்டது. அந்தச் செல் ஒரு மருமகள்.

தட்டினால் எங்கே கூசுகிறதோ அதுவரை இழை வந்துவிட்டதாம். தட்டினேன். டேப்பில் அளந்தேன். நுனிக்கு இன்னும் நாலு மில்லி. நாலு நாள். செல்லுக்குக் கல்யாணத் தேதி தெரியுமா என்று கேட்டேன். சிரிக்கிறாள்.

ஆவணி 7
வெயில். செல்லம் எனக்குத் தெரியாமல் கொல்லையில் பாகு பழகுகிறாள். வாசனை வருகிறது. நல்ல வாசனைதான். எரிச்சல்.
விரலில், நகத்துக்குப் பக்கம் வரை எறும்பு ஊருகிறது.

ஆவணி 9
நல்ல வெயில். பாகு கொதித்தது. செல்லம் கை நீட்டினாள். நான் முந்திக்கொண்டு தட்டில் ஒரு சொட்டு விட்டுத் தொட்டேன். சுரீர் என்றது.

அவள்தான் தண்ணீர்ச் செம்போடு ஓடிவந்தாள். "வலிக்கா, எக்கா?"

"வலிக்கு பிள்ளே. நல்லா வலிக்கு."

பாகு இழுபடுவதும் தெரிந்தது, துணி சுற்றிய விரல் போல மங்கலாக. போதும். இறக்கச் சொன்னேன். உருண்டை பதம். செல்லம் ஒன்றைக் கடித்தாள். இன்னொன்றும் எடுத்தாள்.

உமாவிடம் சொல்ல: கல்யாண ஆல்பத்தில் வேலை செய்த எல்லோரும் இருக்க வேண்டும். அந்த ஷ்வான் செல்லின் முகத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. புத்தகத்துப் பழைய படம் வேண்டாம். புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு.