கரையில் எட்டு மணி நேரம்

போர்ட்னெல்லன், ஸ்காட்லாந்து
9 மார்ச் 1999

அன்புள்ள லாக்லன் அண்ணாவுக்கு,

நலம். நீயும் அண்ணியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவை வெள்ளிக்கிழமை அடக்கம் செய்தோம். நெஞ்சுவலிக்காரன் விமானம் ஏறக் கூடாது என்று உன் டாக்டர் சொன்னதை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன். யாரும் உன்னைத் தப்பாக நினைக்கவில்லை.

பெட்டியை இறக்கும் எட்டுக் கயிறுகளில் தலைமாட்டுக் கயிறு மூத்த மகனுக்கு அல்லவா? யாருக்கு எந்தக் கயிறு என்று எழுதும் சீட்டில், நீ வர முடியாது என்று தெரிந்தும், உன் பெயரைத்தான் எழுதி வைத்திருந்தேன். பெயரைக் கூப்பிட்டார்கள், யாரும் வரவில்லை. போதகர் என்னைப் பார்த்து, "நீயே புடிம்மா கிர்ஸ்டி" என்றார். பிடித்தேன். கனமே இல்லை, அண்ணா. பதினோரு வருஷம் தூக்கிக் குளிப்பாட்டியவள் நான். கடைசியில் அவள் வெறும் எலும்பும் தோலுமாகப் போயிருந்தாள்.

கல்லில் என்ன வெட்டலாம் என்று எழுது.

உன் தங்கை,
கிர்ஸ்டி


ஹாலிஃபாக்ஸ், கனடா
2 ஏப்ரல் 1999

என் அன்புத் தங்கை கிர்ஸ்டிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சாப்பிடவே பிடிக்கவில்லை. இந்த வருஷம் முழுக்க நான் ஊரை விட்டு அசையக் கூடாது என்கிறார் டாக்டர். என்ன செய்ய?

கல்லில், "மகன் லாக்லனும் மகள் கிர்ஸ்டியும் எழுப்பியது" என்று வெட்டச் சொல். மூத்தவன் பெயர் முதலில் வருவதுதானே முறை. உடம்பு தேறியதும் முதல் வேலையாக அந்தக் கல் முன்னால் வந்து நிற்பேன். அம்மா மேல் சத்தியம்.

உன் அண்ணன்,
லாக்லன்


போர்ட்னெல்லன்
18 ஜூன் 1999

அண்ணா,

நேற்று சுற்றுலாக் கப்பல் ஒன்று வந்தது. காலை பத்திலிருந்து மாலை ஆறு வரை பயணிகளுக்குக் கரையில் பொழுதுபோக்கு. இப்படிக் கப்பல் வரும் நாட்களில் நான் துறையில் நின்று, இறங்குகிறவர்களுக்கு ஊர் வரைபடம் கொடுப்பது உனக்குத் தெரியாது. நான் எழுதியதில்லை. கப்பலிலிருந்து ஆட்களைக் கரைக்கு ஏற்றிவந்த மூன்றாவது படகில் நீ இறங்கினாய்.

கறுப்புக் கண்ணாடி, தொப்பி. அண்ணி என் கையிலிருந்தே வரைபடம் வாங்கிக்கொண்டாள். பாவம், அவள் என்னைப் பார்த்ததே இல்லை. நீ பார்த்தாய். பார்த்துவிட்டுக் கடல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

எனக்குக் கோபம் வரவில்லை. முதலில் அம்மாவிடம் போகிறான், அப்புறம் வீட்டுக்கு வருவான் என்று நினைத்தேன், பைத்தியக்காரி. வேலையை இன்னொருத்தியிடம் விட்டுவிட்டு, பிளாஸ்கில் டீயும் இரண்டு கோப்பையும் எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்கு ஓடினேன். கல் வந்து மூன்று வாரமாகிறது. உன் பெயர்தான் முதலில். அதில் இருந்த பறவை எச்சத்தைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன். பதினொன்றிலிருந்து உட்கார்ந்திருந்தேன். கப்பல் ஊதுகிற வரை யாரும் வரவில்லை.

திரும்பும்போது மீன் வறுவல் கடை எஃபி பிடித்துக்கொண்டாள். "ஏய் கிர்ஸ்டி, உங்கண்ணன் ஜாடையிலயே ஒருத்தன் வந்தான்டி. வினிகரை நம்ம ஊர்க்காரன் மாதிரி மீன் தலையில கொட்டிக் குளிப்பாட்டுறான். எந்த ஊருங்கன்னு கேட்டேன். கனடாவாம், இந்தப் பக்கமே வந்ததில்லையாம். தின்னுட்டு பெஞ்சுல காலை நீட்டிக் குறட்டை விட்டான், மகாராசன்."

அந்தக் கப்பல் இங்கிலாந்தில், சவுத்தாம்ப்டனில் கிளம்பியது. விமானம் ஏறக் கூடாதவன் ஹாலிஃபாக்ஸிலிருந்து அங்கே எப்படி வந்தாய், நீந்தியா? அம்மா கிடக்கிற தேவாலயத் தோட்டம் துறையிலிருந்து பத்து நிமிஷ நடை. ஏன் வரவில்லை என்று மட்டும் சொல். வேறெதுவும் கேட்க மாட்டேன்.

கிர்ஸ்டி


ஹாலிஃபாக்ஸ்
5 ஜூலை 1999

அன்புள்ள கிர்ஸ்டி,

இனிப் பொய் சொல்லிப் பயனில்லை. எனக்கு நெஞ்சுவலி எதுவும் கிடையாது. அடக்கத்துக்கு வந்தால் இத்தனை வருஷம் எங்கே போயிருந்தாய் என்று கேட்பார்களே என்று பயந்தேன்.

கப்பல் பயணம் உன் அண்ணி டோரின் செய்த ஏற்பாடு. நம் ஊரும் வழியில் இருந்தது எனக்குக் கடைசியில்தான் தெரியும். தேவாலயத்துக்குத் திரும்பும் முனை வரை வந்தேன், நம்பு. மேலே ஏறினால் அம்மாவுக்கும் உனக்கும் பதில் சொல்ல வேண்டும். கீழே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. டோரின் ஐஸ்கிரீம் வேண்டும் என்றாள். இறங்கிவிட்டேன். நம் ஊரில், யாரும் எதுவும் கேட்காமல், ஒரு நாள் இருந்தேன். பல வருஷத்தில் அப்படி நிம்மதியாக இருந்ததில்லை. உனக்குப் புரியும் என்று நினைக்கிறேன்.

அடுத்த வருஷம் கட்டாயம் வருவேன். கோபத்தை விடு. கல்லைப் படம் எடுத்து அனுப்பு.

அண்ணன்,
லாக்லன்


போர்ட்னெல்லன்
20 ஜூலை 1999

லாக்லனுக்கு,

படம் அனுப்பவில்லை. கல் வெட்டுகிற டக்ளஸைப் போய்ப் பார்த்தேன். "உங்கண்ணன் பேரை எடுத்துரலாம்மா. ஆனா அந்த எடம் பள்ளமாத் தெரியும், போறவங்க வர்றவங்கெல்லாம் என்னாச்சுன்னு கேப்பாங்க" என்றார். அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். அம்மாவுக்குப் பிடித்த பெயர்.

நிம்மதியான ஒரு நாள் என்கிறாய். பதினோரு வருஷத்தில் எனக்கும் அப்படி ஒரு நாளை நீ கொடுத்திருக்கலாம். ஒரு வாரம் வந்து அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும், நானும் எங்காவது போய்க் காலை நீட்டியிருப்பேன். எனக்கு வயிறு எரிகிறது, லாக்லன். அதை மறைக்க மாட்டேன்.

உனக்கு வியாதி இல்லை என்பது நல்ல செய்திதான். இனி எனக்கு எழுதாதே. உன் கையெழுத்தைப் பார்த்தால் தபால்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில், "உங்கண்ணன் எப்ப வர்றான் கிர்ஸ்டி?" என்று கேட்டார்கள். இத்தனை நாள் உனக்காகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை உண்மையைச் சொன்னேன். "வந்துட்டுப் போயிட்டான்" என்றேன்.

கிர்ஸ்டி