நல்ல நேரம் பார்த்த கழிவறை

மார்ச் 3, திங்கள்

காலையிலிருந்து தலைவலி. ஒடிட்டுக்கு நாள் வந்துவிட்டது, இந்த மாதம் இருபதாம் திகதி. பன்வில மலையில் தேயிலையைப் பொதி செய்து பக்கெட் போடும் எங்கள் தொழிற்சாலை, ஊழியர்களை நியாயமாக நடத்துகிறது என்று ஒரு சான்றிதழ் வேண்டுமாம். அது இல்லாவிட்டால் வெளிநாட்டுக்காரன் இனி வாங்கமாட்டானாம். நலன்புரி உத்தியோகத்தர் என்று எனக்கு ஒரு பட்டம் இருப்பதால் எல்லாம் என் தலையில்.

இதற்கென்றே பக்கெட் மண்டபத்தோடு சேர்த்துப் பெண்களுக்குப் புதுக் கழிவறை கட்டியாயிற்று. வெள்ளை டைல்ஸ், பெரிய கண்ணாடி என்று கட்டிய மேசன் சொன்னான். நான் பார்த்தது கதவையும் அதில் தொங்கும் பூட்டையும்தான். பெண்கள் இன்னும் பொயிலருக்குப் பின்னால், பாசி பிடித்த படிகளில் இறங்கிப் பழைய கக்கூஸுக்குத்தான் போகிறார்கள்.

மேலாளர் சுந்தரலிங்கம் சேரிடம் கேட்டேன். யாழ்ப்பாணத்து மனிதர், குரலை உயர்த்தாமலே மறுப்பவர்.

"திறக்கலாம் பிள்ளை. முதலாளியம்மா நல்ல நேரம் பார்த்து வச்சிருக்கிறா. சித்திரை வருசப் பிறப்பு முடியட்டும்."

கக்கூஸுக்கு நல்ல நேரம்! கடை திறக்கப் பார்க்கிறார்கள், தலைக்கு எண்ணெய் வைக்கப் பார்க்கிறார்கள், சரி. இதற்குமா? அப்படியென்றால் ஒடிட்டருக்கு எதைக் காட்டுவது என்று கேட்டேன். காட்டுவதற்குத் திறந்தால் அது திறப்பு இல்லையாம். அதுவரை புத்தம் புதிதாக இருக்க வேண்டுமாம்.

மார்ச் 6, வியாழன்

மண்டபத்தில் ஒரு தண்ணீர்ப் போத்தல்கூட இல்லை. முன்பெல்லாம் ஆளுக்கொன்று மேசையில் இருக்கும். நிரோஷாவிடம் கேட்டேன். மடுல்கெல்லப் பிள்ளை, ஏழு மாத வயிறு.

"தண்ணி குடிச்சாத்தானேக்கா அந்தப் படியில எறங்கணும்? வீட்டுக்குப் போயி குடிச்சிக்கிறேன்."

ஏதோ கெட்டிக்காரத்தனம் செய்ததுபோல் சிரிக்கிறாள். எனக்கு எரிகிறது.

மார்ச் 11, செவ்வாய்

சேரிடம் மறுபடி கேட்டேன். நிரோஷாவுக்கு மட்டுமாவது அந்தப் பூட்டின் திறப்பைக் கொடுங்கள் என்றேன். ஒருத்திக்குக் கொடுத்தால் எல்லாரும் கேட்பார்களாம். கேட்கட்டுமே! பின்னே எதற்குக் கட்டியது?

மார்ச் 14, வெள்ளி

நிரோஷாவைக் கண்டி ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள். நேற்று பௌர்ணமி, போயா லீவில் வீட்டில் இருந்தவளுக்கு ராத்திரி குளிர் காய்ச்சல். சிறுநீரில் கிருமி. பிள்ளைக்கு இப்போதைக்கு ஒன்றுமில்லை என்று டொக்டர் சொன்னாராம். இப்போதைக்கு! இன்னொரு தடவை வந்தால் குறை மாதத்திலேயே பிறந்துவிடலாம், தண்ணீரைக் குறைக்காதே, அடக்காதே என்று ஏசியிருக்கிறார்.

சேரிடம் சொன்னேன். "பாவம்" என்றார். பாவமாம். பூட்டு அப்படியே தொங்குது. இந்த மனுசனுக்கு வீட்டுல பொம்பளப் புள்ள இல்லையா? நான்தான் என்னத்துக்கு இந்த வேலையில இருக்கேன்?

மார்ச் 18, செவ்வாய்

இன்று நான் பார்த்த வேலை: பெண்களை வரிசையாக நிற்க வைத்துப் பதில் சொல்லிக் கொடுத்தது. வசதி எப்படி? "நல்ல வசதிங்க மிஸ்." டொய்லட்? "புதுசு கட்டியிருக்காங்க மிஸ்." பொய்யில்லையே, கட்டித்தானே இருக்கிறார்கள் என்று சேர் சொல்கிறார். சான்றிதழ் கிடைக்காவிட்டால் முதலில் போவது என் வேலை என்றும் சொன்னார்.

நாளை மறுநாள், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நிரோஷாவும் வேலைக்கு வந்துவிட வேண்டுமாம். ஒடிட் அன்று ஆள் குறையக்கூடாதாம்.

மார்ச் 20, வியாழன்



ஒடிட்டர் ஹபீலா மிஸ், அக்குறணைப் பக்கம். மெதுவாகப் பேசுகிறவர். சேரே பூட்டைத் திறந்து கழிவறையைக் காட்டினார். பார்த்துவிட்டு வந்த மிஸ் நேராக மண்டபத்துக்குள் நுழைந்து நிரோஷாவுக்கு முன்னால் நின்றார். டொய்லட் எப்படி என்று கேட்டார்.

"நல்ல வசதிங்க மிஸ். புதுசு கட்டியிருக்காங்க."

"நல்லம். உள்ளுக்கு லைட் போடுற சுவிட்ச் எந்தப் பக்கம் தங்கச்சி?"

நிரோஷா என்னைப் பார்த்தாள். பக்கத்தில் நின்றவர்களும் என்னைத்தான் பார்த்தார்கள். அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லையே. மிஸ்ஸும் என் பக்கம் திரும்பினார். அவருக்குப் பின்னால் சேர் எனக்குக் கண்ணால் ஏதோ காட்டினார். வலப்பக்கம் என்றா, இடப்பக்கம் என்றா, யாருக்குத் தெரியும்?

"எனக்கும் தெரியாது மிஸ்" என்றேன். "கட்டின நாள்லருந்து பூட்டித்தான் கெடக்கு. யாரும் உள்ள போனதில்ல. இந்தப் புள்ள தண்ணி குடிக்காம இருந்து ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்திருக்கு."

அங்கே கைகழுவும் சவர்க்காரம் உறைகூடப் பிரிக்காமல் இருந்ததைப் பார்த்ததாக மிஸ் சொன்னார். வேறொன்றும் கேட்கவில்லை.

மார்ச் 21, வெள்ளி

சான்றிதழ் இல்லை. குறையைத் திருத்தினால் ஜூனில் மறுபடி வந்து பார்ப்பார்களாம். கொழும்பிலிருந்து முதலாளி போனில் கத்தியது வெளியே எனக்கே கேட்டது. அதற்குப் பிறகு சேர் யாரோடும் பேசாமல் வந்து பூட்டைக் கழற்றினார். வெள்ளிக்கிழமை, நல்ல ராகு காலம்.

என்னைப் போகச் சொல்லவில்லை. இருக்கச் சொல்லவும் இல்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

சித்திரை வருச லீவு முடிந்து இன்றுதான் வேலை முழுதாகத் தொடங்கியது. மேசைகளில் போத்தல்கள் திரும்பிவிட்டன. நிரோஷா பிரசவ லீவில் போய்விட்டாள். இரண்டாவது காய்ச்சல் வரவில்லை.

கழிவறைக்குள் போனேன். தரையெல்லாம் செருப்புச் சேறு, சவர்க்காரம் தேய்ந்து சில்லாகிவிட்டது, குழாயை யாரோ சரியாக மூடவில்லை. அந்தப் பெரிய கண்ணாடி முழுக்க ஸ்டிக்கர் பொட்டு. சிவப்பு, மெரூன், கறுப்பு, ஒருத்தி பாக்கியில்லாமல் ஒட்டியிருக்கிறார்கள். ஏசுவதற்கு வாயைத் திறந்துகொண்டே வெளியே வந்தால், வாசலில் சேர். ஒரு மாதத்துக்குப் பிறகு என்னோடு பேசினார். ஜூனுக்கு முதல் அந்தக் கண்ணாடியைச் சுரண்டித் துடைக்க ஆள் போட வேண்டும் என்றார்.

"வேணாம் சேர். ஹபீலா மிஸ் வந்து பாக்கட்டும்."

சேர் வாசலிலிருந்தே எட்டிக் கண்ணாடியைப் பார்த்தார்.

"ஓம்" என்றார். "கிடக்கட்டும்."