கோட்டுக்குள் எழுதவும்

நவம்பர் 3

மதிப்புக்குரிய டீச்சருக்கு,

உங்க மூணாம் வகுப்பு வாயாடியோட அம்மா எழுதுறேன். லாண்டரியில இஸ்திரி பிடிச்ச கை, எழுத்து கோணலா இருந்தா பொறுத்துக்கணும்.

பிள்ளை ஏன் வரலைன்னு ஆள் விட்டுக் கேட்டீங்களாம். போன வாரம் குளியலறையில தடுமாறி விழுந்துட்டா. ஸ்கேன் எடுத்தாங்க. பின்மண்டையில, சிறுமூளைன்னு சொல்ற இடத்துல கட்டி. நாளை மறுநாள் ஆபரேஷன். எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை.

டாக்டரம்மா ஒண்ணு கேட்டாங்க. அவ எழுத்து எப்போதிலிருந்து மாறிச்சுன்னு பார்க்கணுமாம். இந்த வருஷத்துக் கையெழுத்து நோட்டெல்லாம் உங்க அலமாரியிலதான் இருக்குன்னு வாயாடியே சொன்னா. படுக்கையிலயும் அவ வாய் ஓயலை. ஊசி போட வர்ற நர்ஸுக்கு ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிறா. இதைக் கொண்டுவர்ற அவ அப்பாகிட்ட நோட்டைக் கொடுத்தனுப்புங்க.

இப்படிக்கு,
வாயாடியின் அம்மா


நவம்பர் 4

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை நின்றபடியே படிக்கத் தொடங்கினேன், முடிக்கும்போது உட்கார்ந்திருந்தேன். நான்கு நோட்டுகளையும் கொடுத்திருக்கிறேன்.

பதினாறு வருஷமாக "வாயை மூடு, வாயை மூடு" என்று கத்திக்கொண்டிருப்பவள் நான். இன்று வகுப்பு வாயை மூடிக்கொண்டுதான் இருந்தது. எனக்குத்தான் பிடிக்கவில்லை. ஆபரேஷன் முடிந்ததும் ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
டீச்சர்


நவம்பர் 13

டீச்சருக்கு,

ஆபரேஷன் முடிஞ்சுது. கண்ணுக்குத் தெரிஞ்ச வரைக்கும் கட்டியை எடுத்துட்டாங்க. ஆனா அது கெட்ட கட்டி, புற்றுநோய். மிச்சம் மீதி ஒட்டியிருந்தா திரும்ப வளருமாம். அதனால ஆறு வாரம் கதிர் சிகிச்சை, அதுக்கப்புறம் மாசக்கணக்கா மருந்து ஏத்தணும்.

கண் முழிச்ச அன்னிக்கு "அம்மா, தண்ணி"ன்னு கேட்டா. மறுநாளும் ரெண்டு வார்த்தை பேசினா. மூணாம் நாளிலிருந்து பேச்சே இல்லை. ஒரு சத்தம்கூட இல்லை. அழுதாக்கூட கண்ணீர்தான் வருது, குரல் வரலை. அந்த இடத்துல கத்தி வச்சா சில பிள்ளைங்களுக்கு இப்படி ஆகுமாம். வாரமோ மாசமோ ஆகும், பெரும்பாலும் திரும்பிடும்னு டாக்டரம்மா சொல்றாங்க. அந்த "பெரும்பாலும்"னா பத்துல எத்தனை பேருக்குன்னு அவங்களை ரெண்டு தடவை கேட்டுட்டேன். அவளுக்குக் காது நல்லாக் கேக்குதாம். அதான் உங்களுக்குப் போன் பண்ணலை. எதைச் சொன்னாலும் அவ முன்னாடிதானே சொல்லணும்?

நோட்டைப் பார்த்தோம். ஆகஸ்ட் நடுவிலேயே எழுத்து கோட்டை விட்டு வெளியே ஓடுது. ஒவ்வொரு பக்கத்துலயும் சிவப்பு மையில தேதி போட்டு "கோட்டுக்குள் எழுதவும்"னு எழுதியிருக்கீங்க. டாக்டரம்மா தேதியை எல்லாம் குறிச்சுக்கிட்டாங்க. நானும் எண்ணினேன். நாற்பத்தியொரு தடவை. நாற்பத்தியொரு தடவை பார்த்திருக்கீங்களே டீச்சர், ஒரு தடவையாவது என்னைக் கூப்பிட்டுச் சொல்லத் தோணலையா?

வாயாடியின் அம்மா


நவம்பர் 16

அன்புள்ள அம்மாவுக்கு,

தோன்றவில்லை. அதுதான் உண்மை.

நீங்கள் எண்ணாத ஒன்றும் இருக்கிறது. அக்டோபரில் ஒருநாள் ஒரே பக்கத்தைப் பத்து முறை எழுத வைத்தேன். ஆறாவது முறை, "தலை வலிக்குது டீச்சர்" என்றாள். "சாக்குச் சொல்லாதே" என்றேன். பத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போனாள். பேச்சு அதிகம், அதனால் கவனம் இல்லை என்று நினைத்துவிட்டேன். அவள் தலையைச் சாய்த்துக் கரும்பலகையைப் பார்ப்பதைக்கூடக் குறும்பு என்றே நினைத்தேன்.

இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். மனசு கேட்கவில்லை. ஒருமுறை வந்து அவளைப் பார்க்கலாமா?

டீச்சர்


நவம்பர் 24

டீச்சருக்கு,

வர வேண்டாம்.

நானும் ஒண்ணு சொல்லிடறேன். செப்டம்பரிலிருந்து காலையில எழுந்ததும் வாந்தி எடுப்பா. எடுத்துட்டா சரியாயிடுவா, விளையாடுவா. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட நடிக்கிறியான்னு காதைத் திருகி அனுப்பியிருக்கேன். போன கடிதத்துல உங்களைத் திட்டினதுல பாதி என்னைத் திட்டினதுதான். மீதிப் பாதி உங்களைத்தான்.

முன்னாடியே கண்டுபிடிச்சிருந்தா இவ்வளவு ஆகியிருக்காதில்லையான்னு டாக்டரம்மாகிட்ட கேட்டேன். "தலைவலி, வாந்தின்னு ஆயிரம் பிள்ளைங்க வருவாங்கம்மா. டாக்டருங்க நாங்களே கோட்டை விட்டிருக்கோம். என்ன ஆகியிருக்கும்னு என்னால சொல்ல முடியாது"ன்னாங்க. திட்டியிருந்தாக்கூட நிம்மதியா இருந்திருக்கும்.

இன்னும் பேசலை. பதினேழு நாள். மூக்கு வழியா குழாய் வச்சுத்தான் பால் போகுது. பக்கத்துப் படுக்கைப் பிள்ளை சத்தம் போட்டுப் படிக்கும்போது எனக்குப் பொறாமையா இருக்கு டீச்சர். எவ்வளவு கேவலம் பாருங்க.

வாயாடியின் அம்மா


டிசம்பர் 14

அன்புள்ள டீச்சருக்கு,

இதை உங்ககிட்ட மறைச்சிடலாமான்னு நேத்திலிருந்து யோசிச்சேன். முடியலை.

பத்து நாளா ஒரு பயிற்சியாளர் வந்து அவ கையில பேனா கொடுத்து எழுத வைக்கிறார். கை நடுங்குது, விரல் சொன்ன பேச்சு கேக்கலை. நேத்துச் சாயங்காலம் உங்க நோட்டுலயே ஒரு வெள்ளைப் பக்கம் எடுத்து "அ" எழுதச் சொன்னார். எழுதினா. பாதி எழுத்து கோட்டுக்கு வெளியே போயிடுச்சு. அதையே உத்துப் பார்த்தா. உதடு அசைஞ்சுது. காத்து மாதிரி ஒரு குரல் வந்துது.

"டீச்சர் திட்டுவாங்க."

முப்பத்தாறு நாளைக்கு அப்புறம் என் பிள்ளை பேசின முதல் பேச்சு இது. அம்மான்னு கூப்பிடலை. நான் ஓன்னு அழுதேன், கூடவே சிரிப்பும் வந்துது. நர்ஸுங்க எல்லாம் ஓடி வந்தாங்க. அவ அப்பா தாழ்வாரத்துல போய் நின்னு சுவரைப் பார்த்துக்கிட்டு இருந்தார். "திட்ட மாட்டாங்கடி"ன்னு நூறு தடவை சொல்லிட்டேன். நம்பலை. மறுபடி பேனாவைத் தொட மாட்டேங்கிறா, அந்தப் பக்கத்தைக் கையால மூடி வச்சிருக்கா.

நாளைக்குக் கதிர் சிகிச்சை ஆரம்பம். முகத்துக்கு அச்சு எடுத்து ஒரு முகமூடி செஞ்சுட்டாங்க, அதை மாட்டி அசையாம படுக்கணும். கட்டி திரும்ப வருமா வராதான்னு யாரும் சத்தியம் பண்ண மாட்டேங்கிறாங்க. எனக்குப் பயமா இருக்கு டீச்சர், ஒவ்வொரு நிமிஷமும் பயமா இருக்கு. அவளுக்கும் இருக்கும். அந்தப் பயம் ஒண்ணோட அவ அங்க போகட்டும், நீங்க திட்டுவீங்கங்கிற பயமும் சேர்ந்து வேண்டாம்.

வர வேண்டாம்னு எழுதினேன். இப்ப வாங்க. சாயங்காலம் நாலு மணியிலிருந்து ஆறு வரைக்கும் உள்ளே விடுவாங்க. இரண்டாம் மாடி, கடைசிப் படுக்கை. உங்க சிவப்புப் பேனாவை மறக்காம எடுத்துட்டு வாங்க. அந்த "அ"வுக்கு, அவ கண்ணு முன்னாடி, ஒரு சரி போட்டுட்டுப் போங்க.

உங்கள்,
வாயாடியின் அம்மா