நாலாவது சீட்டுத் தூக்கம்

அண்ணாச்சி,

இன்று காலை செம்பூரில் லோக்கல் ரயில் ஏறியதும் நாலாவது சீட் கிடைத்தது. மூன்று பேர் உட்காரும் பலகையின் ஓரத்தில் பாதி உடம்பை ஒட்டவைக்கும் நம் பழைய இடம்தான். குர்லா தாண்டியதும் பக்கத்தில் இருந்தவரின் தலை என் தோளில் சாய்ந்தது. தலைவலித் தைல வாடை. ஒரு கணம் நீங்கள்தான் என்று நினைத்துவிட்டேன்.

பதினைந்து வருடம் அந்த வண்டியில் சேர்ந்து போனோம். உட்கார்ந்த மாத்திரத்தில் உங்களுக்குக் கண் சொக்கிவிடும். நாம் இறங்கும் மஸ்ஜித் ஸ்டேஷன் வந்ததும் முழங்காலில் தட்டி எழுப்புவது என் வேலை. ஆபீஸில் உங்களுக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர் வைத்தவனும் நான்தான். அது தெரிந்தும் நீங்கள் ஒருநாளும் கோபித்ததில்லை.

நம் சரக்கு ஆபீஸில் ஆளுக்கு ஆள் எரிந்து விழுவதைப் பார்த்து, தூக்கம் வராதவர்களுக்கு வைத்தியம் ஏற்பாடு செய்தார்கள். வாரம் ஒருநாள் டாக்டர் வருவார். பன்னிரண்டு பேருக்குத்தான் இடம். பட்டியல் போடுவது என் பொறுப்பு. வண்டியில் மெதுவாகக் கேட்டீர்கள்: "ஏல, என் பேரையும் சேத்துருக்கியா?"

நான் பெட்டிக்கே கேட்கும்படி சொன்னேன்: "உக்காந்ததும் கொறட்ட விடுதிய. ஒங்களுக்கு என்ன தூக்கக் கொறச்சல், அண்ணாச்சி?" கூட வந்தவர்கள் சிரித்தார்கள். நீங்களும் சிரித்து, "அதும் சரிதான்" என்றீர்கள். எனக்கும் ராத்திரித் தூக்கம் இல்லை; பன்னிரண்டாவதாக என் பெயரை எழுதிக்கொண்டேன்.

முதல் நாளே டாக்டர் சொன்னார், பகலில் உட்கார்ந்த இடத்தில் அசந்துபோகிறவர் ராத்திரி தூங்காதவராக இருக்கலாம், அவரைத்தான் முதலில் அனுப்பவேண்டும் என்று. அன்றே உங்களிடம் வந்து சொல்லியிருக்கலாம். என் இடம் போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். இதை எழுதவே கூசுகிறது.

வைத்தியம் எனக்குப் பலித்தது. தூக்கம் வந்தால்தான் படுக்கை, தினமும் ஒரே நேரத்தில் எழுவது, சாயங்காலம் டீ கிடையாது, வண்டியில் கண்ணயரக் கூடாது; அவ்வளவுதான். நான் கத்துவது நின்றது. நீங்களோ சரக்குச் சீட்டுகளைத் தப்புத் தப்பாக எழுதி, கடைசியில் ஒருநாள் மேனேஜர் முன்னால் ஃபைலை வீசிவிட்டு வேலையை விட்டீர்கள். போகும்போது என் முகத்தைப் பார்த்து, "இப்ப நல்லாத் தூங்குத போல. மொகம் தெளிஞ்சிருக்கு" என்று சந்தோஷப்பட்டீர்கள். அதற்குப் பதில் எனக்கு ஒரு அறை விட்டிருக்கலாம்.

உங்கள் சாவுக்குத் துட்டி கேட்க வந்தபோது மதினி சொன்னார்கள், வருடக்கணக்காக வீட்டில் நீங்கள் விழித்தே கிடந்தீர்களாம். "அந்த வண்டியிலதான் அவுக கண்ண மூடுவாக. பக்கத்துல நீங்க இருக்கிய, எழுப்பி விட்டுருவியன்னு ஒரு தைரியம்."

இன்று மஸ்ஜித்தில் நான் இறங்கவில்லை. வண்டி கடைசி ஸ்டேஷனில் நின்றபிறகுதான் பக்கத்து ஆளை முழங்காலில் தட்டினேன். பதறி எழுந்து, தோளில் சாய்ந்ததற்குக் கூச்சத்தோடு ஸாரி சொன்னார். ராத்திரி தூக்கம் வருவதில்லையா என்று இந்தியில் கேட்டேன். அண்ணாச்சி, பதினைந்து வருடத்தில் உங்களிடம் ஒருமுறைகூட நான் கேட்காத கேள்வி அது.